“தானாகக் கிழிந்தது” என்றார்கள். டிஸ்சார்ஜ் தாளில் வேறு எழுதியிருந்தது

முதல் பிரசவத்தில் என் பிறப்புறுப்பின் வாயில் போட்ட தையலைப் பற்றிய பதிவு இது. இதை எழுத எனக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. உடம்பின் எந்த இடத்தைப் பற்றிப் பேச வேண்டுமோ அதன் பெயரைச் சொல்லவே கூசும்படி வளர்க்கப்பட்டவள் நான். அந்தக் கூச்சம்தான் அந்த மருத்துவமனைக்கு வசதியாக அமைந்தது என்று இப்போது நினைக்கிறேன். முதல் பிரசவத்துக்கு நாள் குறித்துக் காத்திருக்கும் பெண்களும், அவர்களோடு மருத்துவமனைக்குப் போகிறவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். நான் கொடுத்த புகார் விசாரணையில் இருப்பதால் மருத்துவமனையின் பெயரைச் சொல்லவில்லை.

2023 ஜனவரியில், எங்கள் மாவட்டத் தலைநகரில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் என் மகன் பிறந்தான். இரவு 2 மணிக்குப் பனிக்குடம் உடைந்து போய்ச் சேர்ந்ததும் என் கணவரிடம் ஆறு இடங்களில் கையெழுத்து வாங்கினார்கள். அவற்றைப் படித்துப் பார்க்கும் நிலையில் அவரும் இல்லை, எதற்கென்று சொல்ல அங்கே யாரும் நிற்கவும் இல்லை. அம்மாவை வெளியே நிறுத்திவிட்டார்கள். என்னை மல்லாக்கப் படுக்க வைத்துக் கால்களை மேலே தூக்கி வாரில் மாட்டினார்கள். தலை தெரிகிறது என்று சொன்ன பிறகு ஓர் ஆயா என் வயிற்றின் மேற்புறத்தில் முழங்கையை வைத்து அழுத்தினார். கீழே ஓர் ஊசி குத்தியது. அடுத்த வலி வந்தபோது, தடித்த துணியைக் கத்தரியால் வெட்டும்போது வருமே, அப்படி ஒரு சத்தம் கேட்டது. அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, என்னிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தையல் போடும்போது மரத்துப்போகாத ஓரிடத்தில் ஊசி ஏறி இறங்குவது தெரிந்து கத்தினேன். “பிள்ளையே பெத்துட்ட, இதைத் தாங்க மாட்டியா?” என்றார் செவிலியர். எதற்குத் தையல் என்று கேட்டதற்கு, “தானா கிழிஞ்சிருச்சும்மா, ரெண்டே ரெண்டு தையல்தான்” என்று பதில் வந்தது. நான் அதை நம்பினேன். சுகப்பிரசவத்துக்கு மொத்தமாக 45,000 ரூபாய் என்று முன்பே பேசியிருந்தும், கிழிசலைச் சரிசெய்ததற்கென்று தனியாக 7,500 ரூபாய் பில்லில் ஏறியிருந்தது. குழந்தை நல்லபடியாகப் பிறந்த மகிழ்ச்சியில் அதையும் கேள்வி கேட்காமல் கட்டினோம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான துன்பம் தொடங்கியது. உட்கார முடியாது, ஒரு பக்க இடுப்பில் சாய்ந்தபடியே பால் கொடுத்தேன். சிறுநீர் கழிக்கும்போது எரியும் என்பதால் ஒரு கையால் வெந்நீரை ஊற்றிக்கொண்டே கழிக்க வேண்டியிருந்தது. இங்கே நம் வீட்டு வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பச்சை உடம்பு என்று சொல்லி எனக்குத் தண்ணீரை அளந்து கொடுத்தார்கள். கீரையும் காயும் ஆகாது, பூண்டுக் குழம்பும் சுடுசோறும்தான். அம்மாவும் அத்தையும் அன்பினால் செய்தது அது. அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் நீர் குறைந்தால் மலம் இறுகும், முக்கினால் தையல் இழுபடும் என்பதை வீட்டுக்கு அனுப்பும்போது சொல்ல வேண்டிய கடமை மருத்துவமனைக்கு இருந்தது. மலமிளக்கும் மருந்தும் எழுதித் தரவில்லை. ஐந்தாம் நாள் கழிவறையில் உயிர் போய் வந்தது. ஆறாம் நாள் தையல் விட்டுப்போய், கெட்ட வாடையும் வந்துவிட்டது.

திரும்பப் போனபோது செவிலியர் எட்ட நின்று பார்த்துவிட்டு, “எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி மருந்து வைத்துக் கட்டி அனுப்பினார். நான்கு முறை போனேன், முறைக்கு 400 ரூபாய்; மருத்துவர் ஒரு முறைகூட வந்து பார்க்கவில்லை. பதினோராம் நாள் வேறொரு மகப்பேறு மருத்துவரிடம் போனோம். புண்ணில் சீழ் பிடித்திருப்பதாகவும், இந்த நிலையில் மறுபடி தைக்க முடியாது, உள்ளிருந்தே ஆறி மேலே வர வேண்டும் என்றும் அவர் சொன்னார். தாய்ப்பாலுக்குப் பாதிப்பில்லாத ஆன்டிபயாடிக், மலமிளக்கும் சிரப், நாளுக்கு இரண்டு மூன்று முறை வெதுவெதுப்பான நீர்த் தொட்டியில் உட்காருவது, நிறையத் தண்ணீர், நார்ச்சத்துள்ள சாப்பாடு என்று எழுதிக் கொடுத்தார். ஆற ஏழு வாரமாயிற்று. தாம்பத்தியம் வலியில்லாமல் அமைய எட்டு மாதமாயிற்று என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். இதே வலியோடு தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெண்கள் இருப்பார்கள்.

2024 ஆகஸ்டில், இரண்டாவது கர்ப்பத்துக்காக அரசு மருத்துவமனையில் பதிவு செய்யப் போனேன். பழைய டிஸ்சார்ஜ் தாளைப் பார்த்த மருத்துவர், “போன முறை வெட்டித் தைத்திருக்கிறார்களே, எப்படி ஆறியது?” என்று இயல்பாகக் கேட்டார். கிழிந்ததற்குத்தான் தைத்தார்கள் என்றேன். அவர் தாளைத் திருப்பி ஒரு வரியின்மேல் விரல் வைத்துக் காட்டினார்: ‘லேபர் நேச்சுரல் வித் ஆர்எம்எல்இ’. அந்த நான்கு எழுத்துகளுக்கு, வலப்புறம் சாய்வாகப் போட்ட எபிசியாட்டமி வெட்டு, அதாவது குழந்தை வெளியே வரும் வழியை அகலப்படுத்தப் பிறப்புறுப்பின் வாயில் போடும் வெட்டு என்று பொருள். பத்தொன்பது மாதங்களாக என் பீரோவில் இருந்த தாள் அது.

எபிசியாட்டமி என்றாலே தவறு என்று நான் சொல்லவில்லை. குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கி உடனே வெளியே எடுக்க வேண்டிய நிலையிலும், ஆயுதம் போட்டு எடுக்கும்போதும் அந்த வெட்டு தேவைப்படலாம். முதல் பிரசவம் என்ற ஒரே காரணத்துக்காக எல்லாருக்கும் வெட்டுவதுதான் தவறு. கோணல்மாணலாகக் கிழிவதைவிட நேராக வெட்டினால் நன்றாக ஆறும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். அர்ஜென்டினாவில் எட்டு மகப்பேறு மருத்துவமனைகளில் 2,606 பெண்களிடம் நடத்தி 1993-இல் வெளியிட்ட ஆய்வில், தேவைப்பட்டால் மட்டும் வெட்டிய பிரிவில் வலியும் குறைவு, தையல் விட்டுப்போவதும் குறைவு என்று தெரிந்தது. ஆசனவாய்த் தசைவரை போகும் கடுமையான கிழிசலும் வழக்கமாக வெட்டியதால் குறைந்துவிடவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பரிந்துரைகளில், இயல்பான பிரசவத்தில் வழக்கமாக வெட்டுவதையும், வயிற்றை அழுத்திக் குழந்தையைத் தள்ளுவதையும் செய்ய வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது.

தானாகக் கிழிவதை நான்கு படிகளாகப் பிரிக்கிறார்கள். முதல் படி தோலோடு நிற்கும்; பல நேரங்களில் தையலே தேவைப்படாது. இரண்டாவது தசைவரை போகும். மூன்றாவது ஆசனவாயை மூடித் திறக்கும் தசையைத் தொடும். நான்காவது மலக்குடலின் உட்சுவர்வரை போய்விடும். கடைசி இரண்டும் அபாயமானவை. தேர்ந்த கைகள்தான் தைக்க வேண்டும். எபிசியாட்டமி வெட்டு தொடக்கத்திலேயே இரண்டாம் படிக் கிழிசலின் ஆழத்துக்குப் போய்விடுகிறது என்பதை அரசு மருத்துவமனை மருத்துவர் படம் போட்டு விளக்கியபோதுதான், தோலோடு நின்றிருக்கக்கூடிய காயத்துக்குப் பதிலாக எனக்குத் தசைவரை வெட்டியிருக்கிறார்கள் என்பது புரிந்தது.

2025 பிப்ரவரியில் மகள் பிறந்தாள். அம்மாவைக் கூடவே இருக்க விட்டார்கள். பிரசவ அறையில் ஒரு பெண் துணை இருக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016-லேயே சொல்லியிருக்கிறது. 35-ஆம் வாரத்திலிருந்து அந்த இடத்தில் எண்ணெய் தடவி நீவிவிடச் சொல்லியிருந்தார்கள். தலை தெரிந்ததும் செவிலியர் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அங்கே வைத்து ஒற்றிக்கொண்டே, “இப்ப முக்காதீங்க, வாயால ஊதுங்க” என்று நிதானப்படுத்தினார். இந்த முறையும் கிழிந்தது. ஆனால் சிறிய கிழிசல். எவ்வளவு ஆழம், எத்தனை தையல் என்று சொல்லிவிட்டு, மரத்துப்போயிற்றா என்று கிள்ளிப் பார்த்துத் தைத்தார்கள். நான்காம் நாள் சம்மணமிட்டு உட்கார்ந்து பால் கொடுத்தேன். இரண்டாம் பிரசவம் பொதுவாகவே எளிது என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் கேட்டுச் செய்வதற்கும் கேட்காமல் செய்வதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆகவே எட்டாம் மாதப் பரிசோதனையிலேயே மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: முதல் பிரசவம் என்றால் எல்லாருக்கும் வெட்டுவீர்களா, எந்தக் காரணத்துக்கு வெட்டுவீர்கள், வெட்டும் முன் என்னிடம் சொல்வீர்களா? பதில் மழுப்பலாக இருந்தால் வேறிடம் பார்க்க அப்போது நேரம் இருக்கும். வீட்டுக்குப் போகும் நாளில் டிஸ்சார்ஜ் தாளில் உள்ள ஒவ்வொரு சுருக்கெழுத்துக்கும் பொருள் கேட்டுவிட்டு வாருங்கள். காய்ச்சல், வாடை, அதிகரிக்கும் வலி, மலமோ வாயுவோ அடக்க முடியாமை ஆகியவற்றில் எது வந்தாலும் ‘எல்லாருக்கும் இப்படித்தான்’ என்ற பதிலோடு திரும்பாதீர்கள்.

மருத்துவக் கோப்பின் நகலை எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. கோப்பை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும் என்பதால், உண்மை தெரிந்த 2024 ஆகஸ்டில் எனக்குச் சில மாதங்களே மிச்சமிருந்தன. முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதைப் பதிவுத் தபாலில் அனுப்பி, அதன் நகலை மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநருக்கும் அனுப்பிய பிறகு, பன்னிரண்டாம் நாள் கோப்பு வந்தது. கடைசி அரை மணி நேரம் முழுவதும் குழந்தையின் இதயத் துடிப்பு 138, 142, 140 என்று சீராகவே குறிக்கப்பட்டிருக்கிறது. என் கணவர் போட்ட ஆறு கையெழுத்துகளில் ஒன்றின் மேலும் வெட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. வெட்டியதற்கான காரணம் என்ற கட்டத்தில் ‘பிரைமி’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. முதல் பிரசவக்காரி என்று பொருள். அந்தப் பக்கத்தைத்தான் புகாரின் முதல் ஆவணமாக இணைத்திருக்கிறேன்.