தங்கவயல் ஒருநாள் சுற்றுலா: வண்டி அருமை, கதையில் பாதியைக் காணோம்

போன மாதம் பெங்களூரிலிருந்து கோலார் தங்கவயலுக்கு ஒருநாள் சுற்றுலா போய்வந்தேன். ஆளுக்கு 1,900 ரூபாய். காலை டிபன், மதியச் சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் அதற்குள் அடக்கம். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டி சுத்தம், ஏசி ஒழுங்காக வேலை செய்தது, நேரத்துக்குக் கிளம்பினார்கள். பங்காரப்பேட்டையில் அந்த ஊர்ப் பானிபூரிக்காக (தண்ணீர் பச்சையாக இல்லாமல் தெளிவாக இருக்குமே, அதுதான்) வண்டியை நிறுத்தியது யாருடைய யோசனையோ, அவருக்கு என் நன்றி.

குறை வழிகாட்டியிடம்தான். பையன் நல்லவன், மரியாதையாகப் பேசினான், ஆனால் அவன் சொன்ன வரலாறு 1880-ல், ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயச் சுரங்கக் கம்பெனி வந்ததிலிருந்துதான் தொடங்கியது. அதற்கு முன்னால் என்ன என்று கேட்டேன். "வெள்ளைக்காரங்க கண்டுபிடிச்சாங்க சார்" என்று முடித்துவிட்டு, சயனைடு மேட்டில் (தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு மண் குன்று) சினிமா படப்பிடிப்பு நடந்த இடத்தைக் காட்டப் போய்விட்டான். அங்கே மட்டும் முக்கால் மணி நேரம்! எனக்கு மனசு கேட்கவில்லை. என் தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்து சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வெள்ளைக்காரப் பெயர் டெய்லர் இல்லை, லாவெல்.

மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்ட் லாவெல் அயர்லாந்துக்காரர். நியூசிலாந்தில் மாவோரிகளுக்கு எதிரான போரில் சிப்பாயாக இருந்துவிட்டு, ஓய்வுபெற்று பெங்களூர் கண்டோன்மெண்டில் குடியேறியவர். 1804-ல் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி எழுதிய ஒரு பழைய குறிப்பு அவர் கண்ணில் பட்டது. உரிகம், மாரிக்குப்பம் பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் மண்ணைக் கழுவி தங்கம் எடுப்பதையும், கைக்கருவிகளை வைத்துக்கொண்டே குழி தோண்டியிருப்பதையும் வாரன் நேரில் பார்த்து எழுதியிருந்தார். அதனால் தங்கத்தைக் கண்டுபிடித்தவர் லாவெல் என்று நான் சொல்ல மாட்டேன், அது உரிகத்து ஜனங்களுக்கு முன்பே தெரியும். ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேல் தூசி படிந்து கிடந்த அந்தக் குறிப்பை நம்பி, 1871 வாக்கில் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கோலாருக்குப் போனவர் அவர்தான். 1873-ல் மைசூர் அரசிடம் உரிமம் கேட்டு எழுதினார், 1875-ல் 20 வருடக் குத்தகை கிடைத்தது, உரிகத்துக்குப் பக்கத்தில் சுரங்கக் குழியும் இறக்கினார். ஆனால் அந்த வேலைக்குத் தனி ஆளின் காசு எங்கே போதும்? 1877-ல் மதராஸ் ராணுவ அதிகாரிகள் சேர்ந்த ஒரு குழுவுக்கு உரிமை கைமாறியது, அப்புறம்தான் ஜான் டெய்லர் வருகிறார்.

லாவெல் வாங்கிய அந்தக் குத்தகைக் காகிதம் இல்லாவிட்டால் 1902-ல் சிவனசமுத்திரத்திலிருந்து கிட்டத்தட்ட 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து இங்கே மின்சாரம் கொண்டுவந்திருக்க மாட்டார்கள். ராபர்ட்சன்பேட்டை என்ற ஊரே இங்கே இருந்திருக்காது, வட ஆற்காட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் தங்கிய நம் ஜனங்களும் இங்கே வந்திருக்க மாட்டார்கள். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். பெங்களூரில் ஏறிய இடத்திலேயே, லாவெல் ரோடு யாருடைய பெயர் தெரியுமா என்று கேட்டு ஆரம்பித்திருக்கலாம். தினமும் அந்த ரோட்டில் காபி குடிக்கப் போகிறவர்கள் மூன்று பேர் எங்கள் வண்டியிலேயே இருந்தார்கள்!

இந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்கு நியாயம் செய்தவர் டிரைவர் அண்ணன். தங்கவயலிலேயே பிறந்து வளர்ந்தவர். சாப்பாட்டுக்குப் பிறகு நான் முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஷிஃப்ட் சங்கு ஊதினால் எந்தத் தெரு எப்படி மாறும் என்று சொன்னார். கீழே பாறை வெடித்தால் மேலே வீட்டில் பாத்திரம் ஆடுமாம், வீட்டு ஆள் சுரங்கத்துக்குள்ளே இருக்கும் பெண்கள் அப்படியே வாசலுக்கு ஓடிவருவார்களாம். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடியபோது அவர் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாராம். அப்பாவின் ஹெல்மெட் இன்னும் வீட்டில் இருக்கிறது என்றார். லாவெல் பெயரைச் சொன்னதும், "எங்க தாத்தாவும் சொல்வாரு" என்று வண்டியின் வேகத்தைக் குறைத்துவிட்டார். உரிகம் பக்கம் ஓரமாக நிறுத்தி, பூட்டிய வாயிலுக்கு அப்பால் துருப்பிடித்து நிற்கும் சுரங்கக் குழியின் இரும்புக் கோபுரத்தைக் காட்டினார். உள்ளே விடுவதில்லை, வெளியில் நின்றுதான் பார்க்க வேண்டும். அந்தப் பத்து நிமிடம் சுற்றுலா அட்டவணையிலேயே கிடையாது.

வண்டிக்கும் டிரைவருக்கும் ஐந்துக்கு ஐந்து, வழிகாட்டலுக்கு இரண்டு. வயதானவர்களை அழைத்துப் போவதானால் இந்த வண்டியே வசதி. தனியாகப் போகிறவர்கள் பெங்களூரிலிருந்து மாரிக்குப்பம் ரயிலைப் பிடியுங்கள். பங்காரப்பேட்டை தாண்டியதும் உரிகம், சாம்பியன் என்று ஸ்டேஷன் பெயர்களே சுரங்கத்தைச் சொல்லிக்கொண்டு வரும். இறங்கி ஒரு ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள், ஐம்பது வயதுக்கு மேற்பட்ட டிரைவராகப் பார்த்து. சயனைடு மேட்டுப் பக்கம் காற்றடித்தால் வெள்ளைத் தூசி பறக்கிறது, குழந்தைகளுக்கு மாஸ்க் கொண்டுபோங்கள்.