பேக்கப் எடுத்தாச்சு, ஆனால் உள்ளே என்ன இருக்கிறது?

ஆண்ட்ராய்டு போனைக் கம்ப்யூட்டரிலிருந்து கட்டளை கொடுத்து இயக்கும் கருவி ஏடிபி (adb). அதன் பேக்கப் கட்டளையைக் கொடுத்தவுடன் போன் திரையில் ஓர் அனுமதிக் கேள்வி வரும். திரை அணைந்திருந்தாலோ, நாம் டீ எடுக்கப் போயிருந்தாலோ, 60 வினாடியில் போன் காத்திருப்பதை விட்டுவிடும். கம்ப்யூட்டரில் ஒரு பிழைச் செய்தியும் இல்லை. கர்சர் அடுத்த வரிக்கு வந்து சமர்த்தாக நிற்கும். ஃபோல்டரில் ஃபைலும் இருக்கும், திறந்தால் காலி.

அதனால்தான் போனைக் கம்ப்யூட்டருக்கு பேக்கப் எடுக்கும் கருவிகளை நான் வேகத்தை வைத்து ஒப்பிடுவதில்லை. தோற்கும்போது சொல்லிவிட்டுத் தோற்கிறதா என்பதுதான் என் முதல் கேள்வி.

அனுமதி கொடுத்தாலும் ஏடிபி பேக்கப்பில் சிக்கல் தீராது. ஒரு செயலியை எழுதியவர் பேக்கப் வேண்டாம் என்று குறித்து வைத்திருந்தால் அது சத்தமில்லாமல் விடுபடும். ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புக்காக எழுதப்பட்ட செயலிகளின் தரவு, அந்தப் பதிப்புகள் ஓடும் போன்களில், தானாகவே இதில் சேராது. கைவிடப்பட்ட வசதி என்று கருவியே எச்சரிக்கை காட்டுகிறது, நாம்தான் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். வந்த ஃபைலைச் சோதிக்க அதன் தலைப்பகுதியைப் பாருங்கள். முதல் வரியில் ஆண்ட்ராய்டு பேக்கப் என்ற ஆங்கிலப் பெயர், அடுத்து பதிப்பு எண், தரவு அளவு குறைத்துச் சுருக்கப்பட்டதா என்பதற்கு 1 அல்லது 0, கடைசியாகப் பூட்டு (என்கிரிப்ஷன்) விவரம். பூட்டில்லாத ஃபைலில் இந்த நாலு வரியும் சேர்ந்து 24 பைட்தான். மொத்த ஃபைலே கிட்டத்தட்ட அந்த அளவுதான் என்றால் கிடைத்தது உறை மட்டும், கடிதம் இல்லை.

அதே கருவியின் ஏடிபி புல் (pull) கட்டளை இதற்கு நேர் எதிர். செயலித் தரவைத் தொடாது. படம், வீடியோ, ஆவணம் என்று சேமிப்பகத்தில் இருப்பதை அப்படியே இழுத்து வரும். முடிவில் எத்தனை ஃபைல் வந்தது, எத்தனை விடுபட்டது என்று ஒரு வரி எழுதும். அந்த வரி வரவில்லையா, வேலை முடியவில்லை. ஆனால் ஒரு ஃபைலில் இடறினால் மீதியையும் போட்டுவிட்டு நின்றுவிடும், மறுபடி ஓட்டினால் முதலிலிருந்து ஆரம்பிக்கும். பெயரில் முக்காற்புள்ளி இருக்கும் ஃபைலை விண்டோஸ் ஏற்காது, பாதியில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். நேரமுத்திரையைக் காக்கும் ‘ஏ’ சுவிட்சை (-a) மறந்தால், பத்து வருடப் படமெல்லாம் இன்று எடுத்த மாதிரி தேதி காட்டும்.

எல்லாவற்றையும் டார் (tar) என்ற ஒற்றை ஃபைலாகக் கட்டி ஏடிபி வழியாக அனுப்புவது சிலருக்குப் பிடித்த வழி. ஏடிபியின் ஷெல் கட்டளைக்குப் பதில் எக்ஸெக்-அவுட் (exec-out) போட்டால் வரிமுடிவுகள் மாறி ஃபைல் கெடாது. சரி, அது தெரிந்தவர்களையும் விண்டோஸில் கட்டளை அடிக்கும் பவர்ஷெல் கவிழ்த்துவிடுகிறது. 7.4க்கு முந்தைய பதிப்புகளில் அம்புக்குறியால் (>) ஃபைலுக்குத் திருப்பினால், வரும் பைட்களை எழுத்து என்று நினைத்து மாற்றி எழுதிவிடும். ஃபைலின் அளவு பெரிதாக இருக்கும், டார் மட்டும் திறக்காது. சத்தமில்லாத தோல்வியில் இதுதான் மோசமான ரகம்.

ஆண்ட்ராய்டில் என் ஓட்டு டெர்மக்ஸும் (போனுக்குள் லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் செயலி) ஆர்சிங்க்கும் (மாறிய ஃபைல்களை மட்டும் நகலெடுக்கும் கருவி) சேர்ந்த ஜோடிக்கு. முதல் முறை அமைக்க எரிச்சலாகத்தான் இருக்கும்: சேமிப்பக அனுமதி, கம்ப்யூட்டரும் போனும் பாதுகாப்பாகப் பேச 8022 போர்ட்டில் எஸ்எஸ்ஹெச் இணைப்பு, போன் தூங்காமலிருக்க வேக்-லாக். இதுவும் செயலித் தரவை எடுக்காது. ஆனால் வைஃபை அறுந்தால், மறுபடி ஓட்டும்போது விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்கும், முடிந்ததும் எண்ணில் பதில் சொல்லும். 0 என்றால் சரி. 23 என்றால் சில ஃபைல் வரவில்லை. 24 என்றால் நகலெடுக்கும்போதே சில ஃபைல் மறைந்துவிட்டது, பெரும்பாலும் தற்காலிகமான கேஷ் (cache) குப்பை, கவலை வேண்டாம்.

ஐபோனில் இவ்வளவு போட்டி இல்லை, லிப்ஐமொபைல்டிவைஸ் என்ற கருவித் தொகுப்பின் ஐடிவைஸ்பேக்கப்2 தான். அடிக்கடி தடுக்கும் இடம், கம்ப்யூட்டரை நம்பலாமா என்று போன் கேட்கும் கேள்வி. அதே தொகுப்பின் ஐடிவைஸ்பேர் வேலிடேட் கட்டளையை ஓட்டினால் போனும் கம்ப்யூட்டரும் சரியாக ஜோடி சேர்ந்திருக்கிறதா என்று உடனே தெரியும். ஐஓஎஸ் 16.1 முதல் ஒவ்வொரு பேக்கப்புக்கும் போனில் பாஸ்கோடு அடிக்க வேண்டும் என்பதால், இரவில் தானாக ஓடும் ஸ்கிரிப்ட் எழுதியவர்கள் கையைப் பிசைகிறார்கள். இது சொல்லிவிட்டுத் தோற்கும் ரகம், பிழை எண் 105 வந்தால் வட்டில் இடமில்லை. முடிந்ததா என்று சந்தேகம் வந்தால் பேக்கப்போடு சேர்ந்து வரும் ஸ்டேட்டஸ் பிளிஸ்ட் (Status.plist) ஃபைலில் ஸ்னாப்ஷாட் நிலை ‘முடிந்தது’ என்ற பொருளில் இருக்கிறதா பாருங்கள். அப்புறம், என்கிரிப்ஷனை இயக்காமல் எடுத்த பேக்கப்பில் ஹெல்த் தரவு வராது. எந்தப் பிழையும் இல்லாமல் முடிந்திருக்கும், புது போனில் ஏற்றிய பிறகுதான் ஹெல்த் செயலி காலியாக இருப்பது தெரியும்.