துபாயில் வேலை பார்த்துக்கொண்டே சர்வதேச வணிகம்: நேரடி வகுப்பா, ஆன்லைனா?

துபாயில் ஷிப்பிங், டிரேடிங் கம்பெனிகளில் இருக்கும் நம் ஆட்களுக்குச் சர்வதேச வணிகம் புதிதல்ல. இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் ஆவணம்), எல்.சி. (ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வங்கி தரும் உறுதிக் கடிதம்) என்று தினமும் அதில்தான் புழங்குகிறார்கள். பதவி உயர்வு வரும்போதுதான் பட்டம் எங்கே என்ற கேள்வி எழுகிறது.

நேரடியாகப் படிக்க, வொல்லாங்காங் பல்கலைக்கழகம் 1993 முதல் துபாயில் இருக்கிறது. ஹெரியட்-வாட், மிடில்செக்ஸ் இரண்டும் 2005இல் வந்தன. கட்டணம் கூடுதல்தான். ஆனாலும் என் ஓட்டு இதற்கே; காரணம் கூடப் படிப்பவர்கள். எல்.சி. விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கு ஏற்றிய 21 நாளுக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும், வங்கி 5 வேலை நாளில் சரிபார்க்க வேண்டும் என்று எல்.சி.க்கான சர்வதேச விதித்தொகுப்பான யுசிபி 600 சொல்கிறது. இதைப் புத்தகத்திலேயே படித்துவிடலாம். ஆனால் பக்கத்து இருக்கையில் வங்கியில் எல்.சி. போன்ற வேலைகளைப் பார்க்கும் டிரேட் ஃபைனான்ஸ் ஆள் ஒருவர் இருந்தால், எல்.சி.யில் சொன்ன துறைமுகம் ஒன்று, பில் ஆஃப் லேடிங்கில் இருப்பது வேறொன்று என்பதற்காகவே ஒரு செட் ஆவணம் எப்படித் திரும்பிப் போகிறது என்பதை அவர் வாயாலேயே கேட்கலாம். ஜெபல் அலி துறைமுகத்தில் டாக்குமென்டேஷன் பார்ப்பவருக்கு மறுநாள் காலையே அது உதவும்.

சிக்கல் விசாவில் இருக்கிறது. வேலை போனால் குடியிருப்பு அனுமதியும் போகும், வகுப்பு பாதியில் நிற்கும். ஆன்லைன் படிப்போ உங்களோடு தோஹாவுக்கும் வரும், திருச்சிக்கும் வரும். வேலை ஆட்டம் காண்கிறது என்றாலோ, ஷார்ஜாவில் வீடும் சின்னக் குழந்தையும் என்றாலோ, யோசிக்காமல் ஆன்லைனுக்கே போங்கள். வகுப்பு முடிந்து இரவில் ஷார்ஜா திரும்புவதை இரண்டு வருஷம் தாங்குவது லேசில்லை.

ஆன்லைனில் இந்தியப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக மலிவு. ஆனால் அங்கே மாலை 7 மணி வகுப்பு என்றால் இங்கே 5.30, நீங்கள் இன்னும் ஆபீசில் இருப்பீர்கள். அதனால் நேரலையில் வராவிட்டால் வருகைப்பதிவு என்ன ஆகும் என்று முதலிலேயே கேளுங்கள். யுஜிசி (இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதிப் பட்டியலில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம் அட்டெஸ்டேஷன், அதாவது சான்றிதழ் உண்மையானது என்று அரசு முத்திரை வாங்குவது: மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று சான்றிதழ் பல கை மாற வேண்டும். ஆன்லைன் பட்டத்தை ஏற்பார்களா என்று உங்கள் ஹெச்.ஆரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.

முழுநேரமும் எல்.சி. வேலையே பார்ப்பவர் என்றால் பட்டத்துக்கு முன்னால் சிடிசிஎஸ் (எல்.சி. நிபுணர்களுக்கான சர்வதேசச் சான்றிதழ்) தேர்வை எழுதிவிடுங்கள். செலவும் காலமும் குறைவு, டிரேட் ஃபைனான்ஸ் துறையில் அதற்கு நல்ல மதிப்பு உண்டு.