போரோனியாவா, குரோவியாவா? மேற்கு சிட்னி களிமண்ணுக்கு எது?

வேலியோர அரைநிழலுக்கு, இளஞ்சிவப்பாகப் பூக்கும் ஆஸ்திரேலியச் செடி ஒன்று வேண்டுமென்றால் போரோனியாவையும் குரோவியாவையும் பார்க்கலாம். இரண்டும் எலுமிச்சை, கறிவேப்பிலைக் குடும்பம். இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எண்ணெய்ச் சுரப்பிகள் புள்ளி புள்ளியாகத் தெரியும், கசக்கினால் மணக்கும். போரோனியாவுக்கு நாலு இதழ், குரோவியாவுக்கு ஐந்து. நான் வைத்தது குரோவியா எக்ஸலாட்டா.

மணத்தில் போரோனியாவை அடித்துக்கொள்ள முடியாது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பழுப்புப் போரோனியாப் பூவிலிருந்து வாசனைத் திரவியத்துக்குச் சாறே எடுக்கிறார்கள். வசந்தத்தில் பூத்தால் கிளை தெரியாது.

ஆனால் முடிவு செய்ய வேண்டியது வேரைப் பார்த்துத்தான். சிட்னிப் பக்கத்துப் போரோனியாக்கள் மணற்பாறை மேட்டில் வளர்பவை. அங்கே தண்ணீர் நிற்காது, ஆனால் பாறை இடுக்கில் ஈரமும் குளிர்ச்சியும் இருக்கும். இங்கே மேற்கில் நமக்கு வாய்த்தது ஷேல் என்ற களிப்பாறை சிதைந்து உண்டான களிமண். நாலு நாள் அடைமழை பெய்தால் குழியில் தண்ணீர் கட்டிக்கொள்ளும், பைட்டோஃப்தோரா என்ற, பூஞ்சணம் போன்ற நுண்ணுயிர் வேரைத் தின்னத் தொடங்கும். மேலே செடி பச்சையாகவே நிற்கும். அடுத்து ஒரு வெயில் வாரம் வந்தால் மொத்தமாகக் காய்ந்துவிடும். வாடுவது கண்ணுக்குத் தெரியும்போது வேர் போயிருக்கும், அதற்குப் பிறகு தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. நல்ல மண்ணிலும் போரோனியாவுக்கு ஆயுள் கொஞ்சம்தான்.

குரோவியாவுக்கும் தேங்கும் நீர் ஆகாது, ஆனால் தாக்குப்பிடிக்கும். மண்ணை மேடாகக் குவித்து நட்டு, மரச்சீவலை மூடாக்காகப் போட்டேன், தண்டை ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி. அதற்கு மேல் பெரிய கவனிப்பு கேட்கவில்லை. பூ ஓய்ந்ததும் நுனிகளை மட்டும் கிள்ளிவிட்டால் அடர்த்தியாகத் தழைக்கும். இலையில்லாத முற்றிய கட்டை வரை வெட்டக் கூடாது.

பூக்கும் காலமும் எனக்குப் பிடித்த காரணம். கோடைக் கடைசியில் தொடங்கி, தோட்டம் வெறிச்சோடிக் கிடக்கும் குளிர்காலம் வரை பூ இருக்கும். மெழுகு பூசியது போன்ற நட்சத்திரம். நடுவில் மகரந்தத் தாள்கள் கூம்பாகக் குவிந்து, நுனியில் மெல்லிய ரோமத்தோடு நிற்பதைக் குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

ப்ளூ மவுண்டன்ஸ் மாதிரி மணற்பாறைப் பக்கம் வீடு இருந்தால் தாராளமாகப் போரோனியா வைக்கலாம், போரோனியா லெடிஃபோலியா என்ற வகை அந்த மண்ணிலேயே பிறந்தது. தொட்டியில் போரோனியா வளர்த்த அனுபவம் எனக்கில்லை. அப்படி வைப்பவர்கள் தொட்டியின் பக்கம் வெயிலில் சுடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், அதன் வேருக்குச் சூடும் ஆகாது.