டாக் செக்கர்ல ரெஜெக்ஸ் இழுக்குதா: பேட்டர்னைத் திருத்தணுமா, எஞ்சினை மாத்தணுமா, ரெஜெக்ஸையே தூக்கணுமா?

மார்க்டவுன் ஃபைல்களை ரெஜெக்ஸால (எழுத்துக்கள் எப்படி வரணும்னு சொல்ற பேட்டர்ன்) சரிபாக்கற ஸ்கிரிப்ட், அதாவது டாக் செக்கர், எல்லா ஃபைலுக்கும் கண் இமைக்கற நேரத்துல ஓடிட்டு ஒரே ஒரு ஃபைல்ல மட்டும் அப்படியே நின்னுடும், சிபியூ முழுசா எகிறும், எரர் எதுவும் வராது. இதுக்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வாங்க: பேட்டர்னை மாத்து, பேட்டர்னை ஓட்டற எஞ்சினை மாத்தி ஆர்இ2 போடு, டைம்அவுட் வை, மார்க்டவுன் அமைப்பைப் புரிஞ்சுக்கற பார்சர் யூஸ் பண்ணு. எல்லாமே சரியான யோசனைதான், ஆனா எது எந்த நோய்க்குன்னு தெரியாம போட்டா வேலை ரெட்டிப்பாகும், அதனால எல்லாத்தையும் ஒரே பேட்டர்ன் மேல வச்சுப் பாத்துடலாம்.

டேபிள் வரி ஒழுங்கா | (பைப்) -ல ஆரம்பிச்சு | -ல முடியுதான்னு பாக்க ஒருத்தர் இப்படி எழுதறார்னு வச்சுக்கோங்க:

`^(\|.*)+\|$`

நல்ல வரிக்கு இது உடனே ஓகே சொல்லிடும். ஆனா 30 பைப் இருக்கற ஒரு அகலமான டேபிள் வரில, கடைசி பைப்புக்கு அப்புறம் ஒரே ஒரு ஸ்பேஸ் தெரியாம விழுந்திருக்குன்னா முடிஞ்சுது கதை. பேட்டர்ன்ல இருக்கற புள்ளி (`.*`) எதையும் முழுங்கும், பைப்பையும் சேத்து முழுங்கும், அதனால நடுவுல இருக்கற ஒவ்வொரு பைப்பும் புது செல்லோட ஆரம்பமா இல்ல முந்தின செல்லுக்குள்ள இருக்கற எழுத்தான்னு எஞ்சினுக்கு ரெண்டு வழி, கடைசில வரி முடிவைக் குறிக்கற `$` ஒத்துவராததால பின்னாடி வந்து பின்னாடி வந்து (இதுதான் பேக்டிராக்) எல்லா வழியையும் பாத்துட்டுதான் இல்லைன்னு சொல்லும். கணக்குப் போட்டா 53 கோடிக்கு மேல வருது, இன்னொரு பைப் சேர்ந்தா அது அப்படியே டபுள். பொருந்தற வரில இது தெரியவே தெரியாது, பொருந்தாத வரிலதான் மாட்டும், அதனாலதான் டெஸ்ட்ல எல்லாம் பாஸ் ஆகிட்டு நிஜ ஃபைல்ல தொங்குது.

வைத்தியத்துக்கு முன்னாடி எங்க மாட்டுதுன்னு பாக்கணும். பைத்தான்னா ஃபால்ட்ஹேண்ட்லர் மாட்யூல்ல குறிப்பிட்ட செகண்ட் கழிச்சு ட்ரேஸ்பேக் கொட்டச் சொல்ற வசதி இருக்கு, அதைப் போட்டாலே எந்த வரி கோட்ல நிக்குதுன்னு தெரிஞ்சிடும். அப்புறம் அந்த பேட்டர்னையும் அந்த டெக்ஸ்டையும் தனியா எடுத்து, டெக்ஸ்டைக் கொஞ்சம் கொஞ்சமா நீட்டி நேரம் பாருங்க. நீளம் ரெட்டிப்பானா நேரம் நாலு மடங்காகுதுன்னா அது குவாட்ராட்டிக், ஒண்ணு சேத்ததுக்கே நேரம் ரெட்டிப்பாகுதுன்னா எக்ஸ்பொனென்ஷியல். இந்த ரெண்டுக்கும் மருந்து வேற வேற, இதைப் பிரிச்சுப் பாக்காம யாரும் அடுத்த அடி வைக்கக் கூடாதுன்னு நான் அழுத்தியே சொல்வேன். லூப்புக்கு வெளிய கம்பைல் பண்ணுன்னு சொல்றவங்க இருக்காங்க, பைத்தான் கம்பைல் பண்ண பேட்டர்னை தானே கேஷ் பண்ணி வச்சுக்குது, இங்க நேரம் போறது மேட்சிங்ல, அதனால அது இதுக்கு மருந்தே இல்ல.

சரி, முதல் வழி, பேட்டர்னைத் திருத்தறது. புள்ளிக்கு பதிலா பைப் தவிர மத்ததுன்னு சொல்லிடுங்க:

`^(\|[^|]*)+\|$`

இப்ப ஒவ்வொரு பைப்புக்கும் ஒரே அர்த்தம்தான், அதனால தோத்தாலும் சீக்கிரம் தோத்துடும். எஞ்சின் மாறல, புது லைப்ரரி இல்ல, எந்த மொழிலயும் ஓடும். என்னைக் கேட்டா பத்துல எட்டு கேஸுக்கு இதுவே போதும்.

இதுக்கு நெருங்கின சொந்தம் பொசசிவ் குவான்டிஃபையரும் அடாமிக் குரூப்பும், அதாவது ஒருதடவை முழுங்கினதைத் திருப்பித் தராதேன்னு எஞ்சின்கிட்ட சொல்றது. ஜாவா, பிசிஆர்இங்கற ரெஜெக்ஸ் லைப்ரரில ரொம்ப நாளா இருக்கு, பைத்தானுக்கு 2022-ல வந்த 3.11-லதான் வந்துச்சு. ஜாவாஸ்கிரிப்ட்ல இல்ல, அங்க `(?=(அ+))\1` மாதிரி லுக்அஹெட்ல (முழுங்காம முன்னாடி எட்டிப் பாக்கறது) பிடிச்சு பேக்ரெஃபரன்ஸ்ல (பிடிச்சதையே திரும்பக் கேக்கற `\1`) முழுங்க வச்சு அதே பலனை வாங்கலாம். ஆனா பாத்துப் போடணும். மேல இருக்கற பேட்டர்ன்ல `^(\|[^|]*)++\|$`னு போட்டீங்கன்னா கடைசி பைப்பையும் குரூப்பே முழுங்கிட்டு திருப்பித் தராது, நல்ல வரி கூட ஒருநாளும் பொருந்தாது! `^(\|[^|]*+)+\|$`னு உள்ள மட்டும் போட்டா சரி. வேகமாயிடுச்சுன்னு சந்தோஷப்பட்டு ரிசல்ட் மாறினதை கவனிக்காம விடறது இங்கதான் நடக்கும், அதனால பழைய பேட்டர்னையும் புதுசையும் ஒரே ஃபைல் குவியல்ல ஓட்டி ரெண்டு அவுட்புட்டையும் டிஃப் எடுக்காம மெர்ஜ் பண்ணாதீங்க.

இன்னொண்ணு, பொசசிவ் எல்லா குவாட்ராட்டிக்குக்கும் உதவாது. வரிக் கடைசில இருக்கற ஸ்பேஸைத் தேடற ` +$` எல்லா டாக் செக்கர்லயும் இருக்கும், பாக்க பரம சாது. ஆனா வரிக்கு நடுவுல நீளமா ஸ்பேஸ் இருந்தா முதல் ஸ்பேஸ்ல ஆரம்பிச்சு தோக்கும், அப்புறம் ரெண்டாவதுல ஆரம்பிச்சு தோக்கும், இப்படியே போகும். 2016 ஜூலை 20 அன்னிக்கு ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 34 நிமிஷம் படுத்தது இந்த ரகத்தாலதான், ஒரு போஸ்ட்ல கிட்டத்தட்ட 20,000 ஸ்பேஸ், அதுக்கு ஏறக்குறைய 20 கோடி செக். இங்க ` ++$` போட்டாலும் ஒவ்வொரு ஸ்பேஸ்ல இருந்தும் புதுசா ஆரம்பிக்கறது நிக்காது. `(?<! ) +$`னு, முன்னாடி ஸ்பேஸ் இல்லாத இடத்துல மட்டும் ஆரம்பின்னு (இதுதான் லுக்பிஹைண்ட்) சொன்னா தீரும்.

ரெண்டாவது வழி எஞ்சினை மாத்தறது. கூகுளோட ஆர்இ2, கோ மொழி, ரஸ்டோட ரெஜெக்ஸ் கிரேட் (லைப்ரரி) எல்லாம் பேக்டிராக் பண்ணாத கூட்டம், கென் தாம்சன் 1968-ல எழுதின வழில எல்லா வாய்ப்பையும் ஒரே ஓட்டத்துல சேத்துக் கொண்டுபோகும், டாட்நெட்டும் 7-ல நான்பேக்டிராக்கிங்னு ஒரு ஆப்ஷன் கொடுத்திருக்கு. நம்ம முதல் பேட்டர்னை ஒரு எழுத்து மாத்தாம ஆர்இ2-ல போட்டாலும் தொங்காது, ` +$`-ம் ஒரு தேடலுக்கு தொங்காது. 2019 ஜூலை 2-ல கிளவுட்ஃப்ளேர் ஒரே ஒரு ரெஜெக்ஸ் ரூலால 27 நிமிஷம் படுத்ததுக்கு அப்புறம் இந்த மாதிரி எஞ்சினுக்குப் போறதாத்தான் அவங்களும் சொன்னாங்க.

அப்ப ஏன் எல்லாரும் மாறிடக் கூடாதுன்னா, இதுல லுக்பிஹைண்ட் இல்ல, பேக்ரெஃபரன்ஸ் இல்ல. டாக் செக்கர்ல இது ரெண்டும்தான் உயிர்நாடி, கோட் ஃபென்ஸை (கோட் பிளாக்கோட மேலயும் கீழயும் வர்ற எல்லை வரி) எத்தனை பேக்டிக் குறி போட்டு திறந்தாங்களோ குறைஞ்சது அத்தனையால மூடணும்னு பாக்க `\1` வேணும், மேல சொன்ன `(?<! )` கூட ஓடாது. பாதி ரூலை மாத்தி எழுதவேண்டி வரும். அர்த்தமும் மாறும்: ஆர்இ2-ல வேர்ட் கேரக்டர்ங்கறது (`\w`) ஆஸ்கி மட்டும்தான், அதாவது இங்கிலீஷ் எழுத்து, எண், அடிக்கோடு, அதனால தமிழ், ஹிந்தி டாக்குமென்ட்ல வார்த்தை தேடற ரூல் சத்தமில்லாம எதையும் பிடிக்காம போயிடும். அதோட லீனியர்ங்கறது ஒரு தேடலுக்குத்தான். `.*[^அ]|அ`னு வெறும் அஅஅஅ மேல எல்லா மேட்சையும் எடுக்கச் சொன்னா ஒவ்வொரு அ-வுக்கும் கடைசி வரை போய்ப் பாத்துட்டு வரும், அங்கயும் குவாட்ராட்டிக்தான்.

மூணாவது, டைம்அவுட். டாட்நெட், ரூபி 3.2 ரெண்டுலயும் உள்ளயே இருக்கு, பைத்தானோட பில்ட்-இன் மாட்யூல்ல இல்ல, தனியா இன்ஸ்டால் பண்ற ரெஜெக்ஸ் மாட்யூல்ல இருக்கு. த்ரெட்ல போட்டுப் பாக்காதீங்க, பைத்தான் த்ரெட்டை வெளிய இருந்து கொல்ல வழி கிடையாது, தனி ப்ராசஸ் வேணும். டைம்அவுட் எதையும் வேகமாக்காது, எந்த ஃபைல் எந்த ரூல்ல நின்னுச்சுன்னு பேரோட சொல்லும், அவ்வளவுதான், ஆனா சிஐ-ல (கோட் மாறும்போதெல்லாம் தானா ஓடற பில்ட்) மணிக்கணக்கா தொங்கறதுக்கு அது எவ்வளவோ மேல். வச்சுக்கணும், அதை நம்பி பேட்டர்னை விட்டுடக் கூடாது.

நாலாவது எனக்கு ரொம்பப் பிடிச்சது: ரெஜெக்ஸே வேணுமான்னு கேக்கறது. அந்த டேபிள் பேட்டர்னைத் திரும்பப் பாருங்க, அது சொல்றது முதல் எழுத்து பைப், கடைசி எழுத்து பைப், குறைஞ்சது ரெண்டு எழுத்து, வேற ஒண்ணுமே இல்ல. ஸ்டார்ட்ஸ்வித், எண்ட்ஸ்வித், ஒரு நீளச் செக், இது போதும். கடைசி ஸ்பேஸுக்கு வரியையும் ஆர்ஸ்டிரிப் பண்ண வரியையும் கம்பேர் பண்ணா முடிஞ்சுது. லிங்க் தேடற `\[.*?\]\(.*?\)` ஓடறதுக்கு முன்னாடி வரில `](` இருக்கான்னு சும்மா ஸ்ட்ரிங் தேடினாலே பெரும்பாலான வரி ரெஜெக்ஸ் பக்கமே போகாது. ஃபென்ஸையும் முழு ஃபைலை ஒரே ஸ்ட்ரிங்கா வச்சு தேடாம வரி வரியா போய் உள்ள இருக்கோமா வெளிய இருக்கோமான்னு ஒரு வேரியபிள்ல வச்சுக்கிட்டா எஞ்சின் பாக்கற டெக்ஸ்டே சின்னதாயிடுது.

முழு மார்க்டவுன் பார்சர் இதுக்கும் ஒரு படி மேல, கோட் பிளாக்குக்குள்ள இருக்கற போலி லிங்க்கை லிங்க்னு நினைக்காது. ஆனா கடைசி ஸ்பேஸ், வரி நீளம் மாதிரி ஸ்டைல் ரூல்களுக்கு அது சரிப்படாது, அந்த விவரத்தையெல்லாம் பார்ஸ் பண்ணும்போதே அது கழட்டி விட்டுடும். லிங்க், ஹெடிங், டேபிள் காலம் (column) எண்ணிக்கை பார்சருக்கு, ஸ்டைல் எல்லாம் வரி வரியா ஓடற லூப்புக்கு, இப்படித்தான் நான் பிரிப்பேன்.

ரூலை நாமே எழுதற ஸ்கிரிப்ட்னா இந்த நாலாவது வழியும் பேட்டர்ன் திருத்தமும் சேர்ந்தாலே போதும், எஞ்சினைத் தொட வேண்டாம். டீம்ல யார் வேணா கான்ஃபிக் ஃபைல்ல ரெஜெக்ஸ் ரூல் சேக்கலாம்னா மட்டும் நான் ஆர்இ2 பக்கம் நிப்பேன், ஒவ்வொருத்தர் பேட்டர்னையும் உக்காந்து படிச்சுப் பாக்க ஆள் இருக்காது, லுக்பிஹைண்ட் எழுதினா கம்பைல்லயே எரர் வந்து அங்கயே நின்னுடும், அது ராத்திரி பில்ட் தொங்கறதை விட நல்லது.