எஸ்பிரெஸோ மெஷினும் டிசம்பர் 26-ம்: பட்டினப்பாக்கத்தில் ஒரு நீண்ட நாள் அனுபவம்

வீட்டுக்கு எஸ்பிரெஸோ மெஷின், அதாவது அழுத்தத்தில் கெட்டிக் காப்பி இறக்கும் மெஷின், வாங்கலாமா என்று கேட்பவர்களிடம், வாங்குங்கள், ஆனால் பழைய ஃபில்டரைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். சென்னை பட்டினப்பாக்கத்தில் கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் சில வருடமாக இரண்டுமே அடுப்பு மேடையில் இருக்கின்றன. மெஷின் சாதாரண வகைதான். ஒரு பாய்லர், ஒரு பம்பு, பால் நுரைக்க ஒரு ஸ்டீம் குழாய்.

பெட்டியின் மேல் "15 பார்", "20 பார்" என்று அழுத்த அளவைக் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். எஸ்பிரெஸோ இறங்க 9 பார் அழுத்தமே போதும். தண்ணீர் 90 டிகிரிக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். 18 கிராம் தூள் போட்டால் அரை நிமிடத்துக்குள் 36 கிராம் அளவுக்கு இறங்க வேண்டும். அதைவிட வேகமாகக் கொட்டினால் தூள் கொரகொரப்பு, சொட்டுச் சொட்டாக நின்றால் ரொம்ப நைஸ். இந்த இரண்டுக்கும் நடுவில் சரியான அரைப்பு பிடிபடுகிற காலையில், தேன் நிறத்தில் நுரை கட்டிக்கொண்டு இறங்கும் பாருங்கள், அந்த மணம் கூடம் வரைக்கும் வரும்.

தூள் விஷயத்தில்தான் சென்னைக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். நாம் குடித்துப் பழகியது சிக்கரி கலந்த தூள். சட்டப்படி 49 சதவீதம் வரை சிக்கரி சேர்க்கலாம். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் போட்டிருக்கும். ஃபில்டரில் சிக்கரி தண்ணீரைப் பிடித்துவைத்து டிகாஷனைக் கெட்டியாக்கும். மெஷினிலோ ஈரம் பட்டதும் பிசுபிசுத்து, சல்லடைக் கண்ணை அடைத்துவிடும். நான் மயிலாப்பூரில் கண்ணெதிரே அரைத்துக் கொடுக்கும் கடையில் பீபரி கொட்டையோடு கொஞ்சம் ரோபஸ்டா வகையும் சேர்த்து, சிக்கரி இல்லாமல், ஃபில்டருக்கு அரைப்பதைவிட நைசாக வாங்குகிறேன். ரோபஸ்டா சேர்ந்தால் நுரை நன்றாக நிற்கிறது. பாலிலும் கசப்பு எடுபடுகிறது.

ஸ்டீம் குழாயில் நுரைத்த பால் 65 டிகிரியைத் தாண்டினால் அதன் இனிப்பு போய்விடும் என்பார்கள். அம்மா முதல் வாய் குடித்துவிட்டு "என்னடா, ஆறிப்போச்சு" என்றார். அன்றிலிருந்து ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பாலை அடுப்பில் பொங்கக் காய்ச்சி, மெஷின் டிகாஷனில் ஊற்றி, டபராவில் ஆற்றித்தான் அவருக்குக் கொடுக்கிறேன். இதுதான் எங்கள் வீட்டின் சிறந்த காப்பி என்பேன்.

உப்புக்காற்று பற்றியும் சொல்ல வேண்டும். கடலோரத்தில் இருப்பவர்கள் வெளிப்புறத்தைத் தினமும் உலர்ந்த துணியால் துடையுங்கள். சொட்டுத்தட்டுக்கு அடியில் இருக்கும் திருகுகள்தான் முதலில் துருப்பிடிக்கும்.

ஆனால் இந்த மெஷினின் அருமை எனக்குத் தெரிந்தது டிசம்பர் 26-ம் தேதிகளில்தான். சுனாமி வந்த 2004-ல் அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். சுமத்ரா கடலடியில் நிலநடுக்கம் வந்தது நம் நேரப்படி காலை ஆறரை மணி வாக்கில். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவகாசம் இருந்தும், எச்சரிக்கை சொல்ல அப்போது இந்தியப் பெருங்கடலுக்கென்று ஓர் ஏற்பாடும் இல்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007-ல். அலை வந்தபோது சீனிவாசபுரம், நொச்சிக்குப்பம், காசிமேடு எல்லாம் அடிபட்டன.

அதனால் ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் குப்பத்து ஜனங்கள் கடலுக்குப் போவதில்லை. வாசலில் கறுப்புக்கொடி கட்டி, பால்குடமும் பூவுமாகக் கரைக்கு ஊர்வலம் போகிறார்கள். கோஷம் கிடையாது, மேளம் கிடையாது. தண்ணீர் காலைத் தொடும் இடத்தில் நின்று பாலை ஊற்றுகிறார்கள், பூவைத் தூவுகிறார்கள். அதுவரை அடக்கிவைத்த அழுகை அங்கேதான் வெடிக்கும்.

எங்களுக்கு மீன் கொண்டுவரும் அக்கா அன்று விடிவதற்கு முன்பே வந்துவிடுவார். முந்தின ராத்திரி தூக்கம் வராது என்பார். கூட இரண்டு பெண்கள் வருவார்கள். நான்கு மணிக்கு ஃபில்டர் போட்டு இறங்கக் காத்திருக்க வேண்டியதில்லை. மெஷின் சூடாக ஐந்து நிமிடம், டம்ளருக்கு ஒரு நிமிடம். "நுரை வேணாம் தம்பி, சக்கர தூக்கலா போடு" என்பார் அக்கா. இன்னொருவருக்குப் பால் இல்லாமல் வேண்டும். அவரவருக்குப் பிடித்த மாதிரி, அவரவர் கேட்ட நேரத்தில், புதிதாக ஒரு டம்ளர் போட்டுக் கொடுக்க முடிகிறது. அந்த மனநிலையில் வருபவர்களுக்குக் முந்தின நாள் இறங்கி ஆறிய டிகாஷனைச் சுடவைத்துக் கொடுக்க எனக்கு மனம் வராது. இந்த ஒரு காரணத்துக்காகவே மெஷினுக்குக் கொடுத்த காசு தகும்.

ஊர்வலம் முடிந்து திரும்பும்போது கதை வேறு. உடனே வீட்டுக்குப் போய்த் தனியாக உட்கார யாருக்கும் பிடிப்பதில்லை. எங்கள் மாடிப்படியிலும் திண்ணையிலும் உட்கார்ந்து, போனவர்களைப் பற்றிப் பேசுவார்கள். இவ்வளவு நேரம் பேசாமல் நடந்தவர்கள் அங்கே சிரிக்கக்கூடச் செய்வார்கள். அத்தனை பேருக்கு வீட்டு மெஷின் ஈடுகொடுக்காது. ஒற்றை பாய்லர் என்பதால் பால் நுரைத்ததும் பாய்லர் ஆறும்வரை அடுத்த எஸ்பிரெஸோ எடுக்க முடியாது. எடுத்தால் தீய்ந்த கசப்பு வரும். அந்தக் கூட்டத்துக்கு முந்தின இரவே பெரிய ஃபில்டர்களில் இறக்கிவைத்த டிகாஷன்தான்.

கரண்ட் இன்னொரு காரணம். இந்த மெஷின்கள் ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும். வீட்டில் விளக்குக்கும் ஃபேனுக்கும் வைத்திருக்கும் இன்வர்ட்டர் தாங்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து கரண்ட் போனபோது ஃபில்டரும் கேஸ் அடுப்பும்தான் காப்பி கொடுத்தன.

பராமரிப்பில் தலையாயது உப்புப் படிவு எடுப்பது. போர் தண்ணீரை ஊற்றவே ஊற்றாதீர்கள், சுண்ணாம்பு படிந்து குழாய் அடைத்துவிடும். நான் கேன் தண்ணீரோடு வடிகட்டிய மெட்ரோ தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலக்கிறேன், வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் காப்பி சப்பென்று இருக்கிறது. மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு ஒரு லிட்டருக்கு 20 கிராம் கரைத்து, மெஷின் வழியாக ஓடவிட்டு, பிறகு இரண்டு டேங்க் நல்ல தண்ணீர் விட்டால் போதும். வினிகர் வேண்டாம், வாடை லேசில் போகாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்கிறேன். டிசம்பர் முறையை மட்டும் இரண்டாவது வாரத்திலேயே முடித்து, தலைப்பகுதி ரப்பர் வளையம் இறுகியிருந்தால் அதையும் மாற்றிவிடுகிறேன்.