பின்சீட்டிலிருந்து ஒரு விமர்சனம்: பைக், ஸ்கூட்டர், சாரி கார்டு

பைக் விமர்சனம் என்று தேடினால் கிடைப்பதெல்லாம் முன்சீட்டு விமர்சனம்தான். பிக்கப் எப்படி, மைலேஜ் எவ்வளவு, வளைவில் எப்படிச் சாய்கிறது என்று பத்து நிமிடம் பேசுவார்கள். பின்சீட்டுக்குக் கடைசியில் ஒரு வரி: "பில்லியன் சீட் பரவாயில்லை." அந்தப் பரவாயில்லாத சீட்டில்தான் நம் ஊரில் மனைவியும் அம்மாவும் மகளும் உட்கார்ந்து வருகிறார்கள், மடியில் குழந்தையோடும் கையில் காய்கறிப் பையோடும். ஷோரூமில் வண்டியைத் தேர்வு செய்பவரும் ஓட்டிப் பார்ப்பவரும் பெரும்பாலும் ஆண். வாழ்நாள் முழுக்கப் பின்னால் உட்காரப் போகிறவரிடம் "கலர் பிடிச்சிருக்கா" என்பதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. ஆகவே இந்த விமர்சனம் பின்சீட்டிலிருந்து தொடங்குகிறது. முன்சீட்டுக்குப் பிறகு வருவோம்.

முதலில் சட்டம். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி, பின்னால் ஆள் உட்காரும் வசதியுள்ள எந்த மோட்டார் சைக்கிளிலும் மூன்று பொருள்கள் இருந்தே ஆக வேண்டும் என்கிறது: நிரந்தரமான கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு. உட்கார்ந்திருப்பவரின் உடை சக்கரத்தில் சிக்காமல் இருக்கவே இந்தத் தடுப்பு என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. இதைத்தான் கடையில் சாரி கார்டு என்கிறோம். இது சீட் கவர் மாதிரி விருப்பப்பட்டால் போட்டுக்கொள்கிற சாமான் கிடையாது, வண்டியின் பாகம். டெலிவரி எடுக்கும்போது பில்லில் அக்சஸரி என்று தனியாகக் காசு சேர்த்திருந்தால், விதி எண்ணைச் சொல்லி விளக்கம் கேளுங்கள். அதைவிடப் பெரிய பிரச்சினை வண்டி வீட்டுக்கு வந்த பிறகு நடக்கிறது. "லுக்கு போகுது" என்று மெக்கானிக்கிடம் கொடுத்து முதல் வாரமே கழற்றிவிடுகிறார்கள். நம்பர் பிளேட்டைக் கழற்றினால் பயப்படுகிறவர்கள்கூட இதைக் கழற்ற யோசிப்பதில்லை.

சாரி கார்டு என்பது இரும்புக் குழாயை வளைத்து, நடுவில் கம்பியோ தகடோ வைத்துச் செய்த ஒரு சட்டகம். வண்டியின் இடது பக்கம், மேலே ஃபிரேமிலோ பின் ஷாக் அப்சார்பரின் போல்ட்டிலோ, கீழே ஃபுட்ரெஸ்ட் பக்கத்திலோ பிடித்திருக்கும். நல்ல கார்டு எது என்று பார்க்க நான்கு சோதனைகள் போதும். கம்பிகளுக்கு நடுவே உள்ளங்கை நுழைந்தால் சேலை மடிப்பும் நுழையும், அது வேண்டாம். கார்டின் கீழ் விளிம்பு சக்கரத்தின் அச்சு மட்டத்துக்காவது வர வேண்டும். மேலேயே நின்றுவிட்டால் கொசுவம் கீழ்வழியாக உள்ளே போகும். கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தால் ஆடக் கூடாது. போல்ட் தளர்ந்த கார்டு சக்கரத்தின் பக்கம் சாய்ந்தால், காக்க வேண்டியதே ஆபத்தாகிவிடும். நான்காவது, கால் வைக்கும் தகடு. ஒருபக்கமாக உட்காருபவருக்கு இரண்டு பாதமும் ஒரே பக்கம் வருகிறது, ஆனால் பெரும்பாலான வண்டிகளில் அங்கே இருப்பது ஒரு பாதத்துக்கான கட்டை மட்டும். இரண்டு பாதமும் சேர்ந்து நிற்க ஒரு சாண் அகலமாவது தகடு வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கால் தொங்கும், பத்து நிமிடத்தில் மரத்துப் போகும், செருப்பு நழுவும்.

இனி, அதிகம் பேசப்படாத குறை. சாரி கார்டு இருப்பது இடது பக்கம். நாம் சாலையின் இடப்பக்கம் போகிறவர்கள் என்பதால், ஒருபக்கமாக உட்காருபவரின் கால்கள் ஓரத்தைப் பார்த்து இடப்பக்கம்தான் இருக்கும். அப்படி உட்கார்ந்தால் கொசுவம் கார்டின் மேல் விழுகிறது, அதுவரை சரி. முந்தானை எங்கே போகிறது? இடது தோளிலிருந்து முதுகுப் பக்கம் தொங்குகிறது. முதுகு இருப்பது வண்டியின் வலப்பக்கம். இடது தோள் இருப்பதோ வண்டியின் பின்பக்கம், நேர் கீழே பின்சக்கரம். ஆக, சேலையில் மிக நீளமாகப் பறக்கும் பகுதி, கார்டே இல்லாத பக்கத்தில், சக்கரத்துக்கு மேலேயே தொங்குகிறது. வலப்பக்கத்தில் சைலன்சர் கொஞ்சம் மறைக்கும், ஆனால் அது சூடான இரும்பு. இதற்கு வண்டியில் தீர்வு இல்லை, உட்காரும் முறையில்தான் இருக்கிறது: ஏறும் முன்பே முந்தானையை முதுகைச் சுற்றி வலது இடுப்புக்குக் கொண்டுவந்து இறுக்கமாகச் செருக வேண்டும். முழங்கைக்கு அடியில் இடுக்கிக்கொண்டால் போதாது. ஸ்பீடு பிரேக்கரில் கை எடுத்த நொடியே அது போய்விடும்.

ஷால் இன்னும் ஆபத்து. முந்தானை சிக்கினால் இடுப்பிலும் தோளிலும் இழுபடும். கழுத்தைச் சுற்றிப் போட்ட ஷால் சிக்கினால் இழுபடுவது கழுத்து. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினாலே ஒரு மீட்டருக்கு மேல் துணி உள்ளே போய்விடும், கத்துவதற்குக்கூட நேரம் கிடைக்காது. குரல்வளை நசுங்குவது, கழுத்தெலும்பு பெயர்வது என்று துப்பட்டா காயங்களைத் தனி வகையாகவே இந்திய, பாகிஸ்தான் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஷாலை ஒரு தோளில் மடித்துப் போட்டு, குறுக்காகக் கொண்டுவந்து இடுப்பில் முடிச்சுப் போடுங்கள். அல்லது கழற்றிப் பையில் வையுங்கள். மாணவிகளிடம் ஷால் சரியாகப் போட்டிருக்கிறாயா என்று கேட்கும் வீடுகள் பல. அது சக்கரத்தில் சிக்குமா என்று பார்க்கும் வீடுகளும் அத்தனை இருக்க வேண்டும்.

இவ்வளவு சிக்கலும் ஒருபக்கமாக உட்காருவதால்தானே, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரலாமே என்றால், சேலை மட்டும் காரணமில்லை. சுடிதாரும் ஜீன்ஸும் போட்டவர்கள்கூட கணவன் அல்லாத ஆண் ஓட்டும்போது ஒருபக்கமாக உட்காருவதைப் பார்க்கிறோம். அடக்கமான பெண் இப்படித்தான் உட்காருவாள் என்ற எதிர்பார்ப்பு உடையைவிட வலுவானது. இந்தோனேசியாவின் அசே மாகாணத்தில் லோக்சுமாவே நகர நிர்வாகம் 2013-ல் ஒரு படி மேலே போய், பெண்கள் கால் அகட்டி உட்காரக் கூடாது, ஒருபக்கமாகத்தான் உட்கார வேண்டும் என்று உத்தரவே போட்டது. ஆனால் பாதுகாப்புக் கணக்கில் இது தலைகீழ். கால் அகட்டி உட்கார்ந்தால் இரண்டு முழங்காலும் வண்டியைக் கவ்வும், இரண்டு பாதமும் ஊன்றும். ஒருபக்கமாக உட்கார்ந்தால் கவ்வ எதுவுமே இல்லை. எடை முழுக்க இடப்பக்கம் தள்ளி நிற்பதால் ஓட்டுபவர் தன்னை அறியாமல் வலப்பக்கம் சாய்ந்து ஓட்டுகிறார், திடீர் பிரேக்கில் வண்டி கோணலாகிறது. பின்சீட்டு பின் அச்சுக்கு மேலேயே இருப்பதால் ஸ்பீடு பிரேக்கரின் முழு உதையும் அங்கேதான் வருகிறது. பிடிமானம் இல்லாதவர் அந்த நொடியில் சீட்டை விட்டு எழும்பிவிடுவார்.

அதனால் கைப்பிடியை நன்றாகப் பாருங்கள். ஒருபக்கமாக உட்காருபவரின் வலக்கை ஓட்டுபவரின் தோளிலோ இடுப்பிலோ இருக்கும், இடக்கைதான் பின்கம்பிக்கு. அந்தக் கம்பி சீட்டின் பின்னால் மட்டும் இருந்தால் கையை முறுக்கித்தான் பிடிக்க முடியும். சீட்டின் இரண்டு பக்கமும் நீண்டு வந்து, நான்கு விரலும் உள்ளே நுழைய இடம் இருக்கிற கம்பியே கம்பி. சீட்டின் நடுவே குறுக்காகப் போகும் வார்ப்பட்டை பிடிப்பதற்கு உதவாது. மடியில் குழந்தை இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் அடிபட்டுப் போகும், இடக்கை குழந்தைக்குப் போய்விடும்.

இப்போது வண்டிகள். பின்சீட்டுக்கு மதிப்பெண் போட்டால் முதலிடம் நீளமான தட்டை சீட்டு உள்ள, தினமும் வேலைக்குப் போய்வரும் சாதாரண கம்யூட்டர் பைக்குகளுக்கும் கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்கும்தான். ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ் 112 கிலோ, சீட்டு உயரம் 785 மி.மீ. சீட்டு முழுக்க ஒரே மட்டம், செயின் முழுக் கவருக்குள். இடப்பக்கம் செயினும் சக்கரமும் சேர்ந்தே இருப்பதால் அந்த முழுக் கவர் முக்கியம். அரைக் கவர் வண்டியில் சேலை சிக்கினால் கிரீஸ் கறையோடும் கிழிசலோடும் போய்விட்டால் அதிர்ஷ்டம். ஸ்கூட்டர்களில் இடப்பக்கம் என்ஜினே சக்கரத்தை மறைத்துவிடுகிறது, வலப்பக்கம்தான் திறப்பு. உயரமும் குறைவு, ஏறி இறங்க முழங்கால் வலிக்காரர்களுக்கு இதைவிட வசதியில்லை. குறை ஃபுட்ரெஸ்ட்டில்: மடக்குக் கட்டை பெரும்பாலும் ஒரு பாதத்துக்கு மட்டும். ஏறும் முன் அதைத் திறந்துவிட மறக்கிறவர்களே அதிகம். மின்சார ஸ்கூட்டர்களில் 2024-ல் வந்த ஏத்தர் ரிஸ்டா, குடும்பத்தை மனதில் வைத்து 900 மி.மீ. நீள சீட்டு வைத்திருக்கிறது, பின்னால் சாய்மானமும் போடலாம். இந்தத் திசையில் இன்னும் பலர் வர வேண்டும்.

கடைசி இடம், சந்தேகமே இல்லாமல், இரண்டு துண்டாகப் பிரித்த சீட்டுள்ள ஸ்போர்ட்ஸ் பைக்குகளுக்கு. யமஹா ஆர்15-இல் ஓட்டுபவரின் சீட்டே 815 மி.மீ. உயரம், பின்சீட்டு அதற்கும் மேலே ஒரு சிறு திண்டு. அதில் ஒருபக்கமாக உட்காரவே முடியாது, கால் அகட்டி உட்கார்ந்தாலும் உடல் முன்னால் சரிந்துகொண்டே இருக்கும். தனியாக ஓட்ட அருமையான வண்டி. வீட்டுக்கு ஒரே வண்டி என்றால் வாங்க வேண்டாம்.

வண்டி ஏற்கெனவே இருக்கிறது என்றால், காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஸ்பிளெண்டரில் பின் ஷாக்கை 5 நிலைகளில் மாற்றலாம், ஆக்டிவாவில் 3. தனியாக ஓட்டும் ஆள் மென்மையான நிலையில் வைத்திருப்பார். இருவர் போகும்போது அதை இறுக்கமான நிலைக்குத் திருப்பினால் பள்ளத்தில் 'டங்'கென்று இடிப்பது குறையும். டூல் கிட்டில் இருக்கும் கொக்கி ஸ்பேனரே போதும். பின் டயர் காற்றையும் இருவருக்கான அளவுக்கு ஏற்ற வேண்டும், வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அது தனியாகப் போட்டிருக்கும்.

முன்சீட்டுக்கு வருவோம். 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50-யும், 1984-ல் செல்ஃப் ஸ்டார்ட்டோடு கியர் இல்லாமல் வந்த கைனெடிக் ஹோண்டாவும் பெண்களை ஓட்ட வைத்ததில் பெரும் பங்கு வகித்தன. கிக்கர் உதைக்க வேண்டாம், கால் வைக்கும் இடம் திறந்திருக்கிறது, சேலையோடு ஓட்டலாம். 2018 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டம், வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் தந்தது. அந்த விண்ணப்பத்துக்குத் தேவையான லைசென்ஸுக்காகவே ஆர்டிஓ அலுவலகங்களில் பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

'லேடீஸ் வண்டி' என்று கடைக்காரர் காட்டுவதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஸ்கூட்டி பெப் பிளஸ் 93 கிலோ, 87.8 சிசி, தள்ள, திருப்ப எளிது. ஆனால் பின்னால் ஆளும் பையும் ஏறினால் மேம்பாலத்தில் திணறும். ஆக்டிவா போன்ற 110 சிசி வண்டி சுமார் 106 கிலோ. அந்த 13 கிலோ வித்தியாசம் ஓடும்போது தெரியாது, நிறுத்தும்போது மட்டும் தெரியும். பள்ளிக்கும் கடைக்கும் தனியாகப் போக மட்டும் என்றால் சின்னது, அம்மாவையோ குழந்தைகளையோ ஏற்றப் போகிறீர்கள் என்றால் 110-க்குக் குறைய வேண்டாம். உட்கார்ந்து பார்க்கும்போது இரண்டு காலின் முன்பாதமாவது தரையில் அழுந்த வேண்டும். வழக்கமாகப் போடும் செருப்போடு பாருங்கள், வெறுங்காலோடு வேண்டாம். பிரேக் லீவர் சின்னக் கைக்கு எட்டவில்லை என்றால் மெக்கானிக்கிடம் சொல்லி ஆட்டத்தைச் சரிசெய்யலாம். விரல் நுனியால் பிடிக்கும் பிரேக் அவசரத்தில் முழுதாக அழுந்தாது.

டபுள் ஸ்டாண்டு போட ஆண் துணை வேண்டும் என்பது தவறான நம்பிக்கை. இழுத்துத் தூக்கப் பார்ப்பதால்தான் வராமல் போகிறது. இடக்கையால் ஹேண்டில் பாரை நேராகப் பிடித்து, வலக்கையைப் பின்கம்பியில் வைத்து, ஸ்டாண்டின் இரண்டு காலும் தரையில் படுகிறதா என்று பார்த்துவிட்டு, வலது பாதத்தை ஸ்டாண்டிலிருந்து நீண்டிருக்கும் கம்பியில் வைத்து அதன்மேல் ஏறி நிற்பது போல் முழு எடையையும் கொடுங்கள். கை வழி மட்டும் காட்டும். 50 கிலோ ஆளின் எடையே போதுமானது.

லைசென்ஸ் விஷயத்தில் ஒன்று. ஸ்கூட்டரில் எட்டுப் போட்டால் கிடைப்பது கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ் மட்டும். அவசரத்துக்கு வீட்டுப் பைக்கை எடுத்தால் அது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகும், விபத்தானால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும். கியர் வண்டியில் தேர்வு கொடுத்தால் இரண்டையும் ஓட்டலாம். பையனைப் பைக்கிலும் பெண்ணை ஸ்கூட்டியிலும் அனுப்பும் டிரைவிங் ஸ்கூல்களிடம் மகளுக்கும் கியர் வண்டியையே கேளுங்கள், இரண்டு வாரம் கூடுதலாகப் பழகினாலும் பரவாயில்லை.

ஹெல்மெட். பின்னால் உட்காருபவருக்கும் கட்டாயம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு சொல்கிறது. வீட்டில் அவருக்குக் கிடைப்பதோ ஓட்டுபவர் போட்டுத் தேய்ந்த பழையது, அதுவும் பெரிய அளவு. புருவத்துக்கு ஒரு விரல் மேலே டேப்பைச் சுற்றி அளந்தால் 56 செ.மீ. வந்தால் ஸ்மால், 58 என்றால் மீடியம், 60 என்றால் லார்ஜ். போட்டு வார் மாட்டிய பின் பின்பக்கத்திலிருந்து முன்னோக்கித் தள்ளினால் கழன்று வரக் கூடாது. உச்சியில் கொண்டை போட்டால் ஹெல்மெட் தலையில் உட்காராமல் கொண்டையின்மேல் உட்காரும், அது போடாததற்குச் சமம். ஜடையைப் பிடரிக்குக் கீழே தாழ்த்திப் பின்னி, நுனியைச் சட்டைக்குள்ளோ முந்தானைக்குள்ளோ விடுங்கள். பூவை இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.